மருமகளைக் குறைசொல்ல முன்னர்

"பிள்ளை, இன்னும் விசேஷம் ஒண்டும் இல்லையோ?" கலியாணம் முடிந்து ஒரு வருடம் ஆகுமுன்னரே எமது ஊர்களில் இந்தக் கேள்வி எழுந்துவிடுகின்றது. கேட்பவர்கள் அன்போடுதான் கேட்கிறார்கள். ஆனால் இரண்டு, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மட்டும் மாதவிலக்கு வரும் பெண்ணுக்கு அது முள்ளாய்க் குத்தும்.

இப்படி மாதவிலக்குப் பிந்துவதற்குப் பெரும்பாலும் காரணம் பி.சி.ஓ.எஸ். எனப்படும் சூலகக் கோளாறு. ஸ்கானில் "கட்டி" என்றதும் வீட்டில் அழுகை தொடங்கிவிடும். அவை புற்றுநோய்க் கட்டிகள் அல்ல. முதிராமல் நின்றுபோன சிறு முட்டைப் பைகள். முட்டை ஒழுங்காக வெளிவராததால் கருத்தரிப்புத் தாமதமாகின்றது. உலகில் 100 பெண்களில் 8 முதல் 13 பேருக்கு இது உண்டு.

நாம் இடம்பெயர்ந்தபோது காணியோடு உடலுழைப்பையும் விட்டுவிட்டு வந்தோம். தண்ணீர் இறைப்பும் களை பிடுங்கலும் நின்றன. முகாமில் கோதுமை மாவும் சீனியும் வயிற்றை நிரப்பின. அங்கு பிறந்த பெண்பிள்ளைகள் இன்று தாயாகும் வயதில் இருக்கிறார்கள். இதுதான் நோய்க்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. இது பரம்பரையிலும் வரும், மெலிந்த பெண்களுக்கும் வரும். ஆனால் எடை கூடக்கூட இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் கோளாறும் கூடுகின்றது.

எனவே வைத்தியர்கள் உணவையும் நடையையும் வற்புறுத்துவது சரியே. எடை கூடியவர்கள் அதில் 5 முதல் 10 வீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகின்றது. 70 கிலோ உள்ளவருக்கு அது மூன்றரை கிலோவிலிருந்து ஏழு கிலோ வரை. சீனி போட்ட தேநீரையும் பாணையும் குறைத்து, குரக்கன், பயறு, கீரை என்று மாற, பெரிய செலவு தேவையில்லை.

எனது கோபம் வேறொன்றில். இவ்வளவையும் செய்த பின்னும் பிள்ளை தங்காவிட்டால், "நீ இன்னும் மெலியவில்லை" என்று பழி மீண்டும் அவள் தலையிலேயே விழுகின்றது. இது அநியாயம். உணவும் நடையும் உதவி செய்யும். எல்லோருக்கும் அவை மட்டும் போதாது. முட்டையை வெளிவரச் செய்ய லெட்ரோசோல் என்ற குளிசை உண்டு. வைத்தியரின் கண்காணிப்பில், மாதவிலக்குத் தொடங்கிய முதல் நாட்களில் வழக்கமாக ஐந்து நாட்கள் எடுப்பது. இந்த நோய்க்கு இப்போது முதலில் கொடுப்பதும் அதுவே. மாதவிலக்கு ஒழுங்கற்றவர்கள் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, ஆண்களுக்கு. பிள்ளை தாமதமாகும் தம்பதிகளில் கணிசமானோருக்கு ஆணின் பக்கத்திலும் குறை இருக்கும். மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்து நகரத்துக்கு அலைவதற்கு முன்னர், கணவன் விந்துப் பரிசோதனையைச் செய்துகொள்ளட்டும். அதில் ஊசியும் இல்லை, வெட்டும் இல்லை. வெட்கம் மட்டுந்தான், அதையும் மனைவி எத்தனை தரம் தாங்கியிருப்பாள்!

உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் முதலில் பேசுங்கள். போலிக் அமிலக் குளிசையைக் கருத்தரிக்குமுன்னரே தொடங்க வேண்டும். இரத்தத்தில் சீனியையும் தைரொயிட்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கடந்த ஆறு மாத மாதவிலக்குத் திகதிகளை ஒரு கொப்பியில் எழுதி, கிளினிக்குக்கு இருவருமாகக் கொண்டு போங்கள்.