சிலந்தி வலையும் திராட்சையும்

பிரஸ்ஸல்ஸ் போகிறவர்கள் சாக்லேட் வாங்குவார்கள். நான் புளித்த பீர் தேடிப் போனேன், ஓர் அக்டோபர் கடைசியில். கூட வந்தவர் ஆபீஸ் சகா. இருபத்தேழு வயசு. யாரிடமோ இரவல் வாங்கிய தடி ஸ்வெட்டர். 'ஜில்லுனு ஒண்ணு அடிக்கலாம் சார்' என்பது அவருடைய லட்சியம்.

மிடி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். வெளியே பார்த்தால் பழைய கிடங்கு. உள்ளே கான்டியோன், 1900-ல் ஆரம்பித்த பீர் ஆலை. வரிசையாக மரப் பீப்பாய்கள், மேலே தாராளமாகச் சிலந்தி வலை.

"பெருக்க ஆள் இல்லையா சார்?"

இருக்கிறார்கள். வலையை மட்டும் தொடமாட்டார்கள். பழ ஈக்களைப் பிடிக்கிற உத்தியோகம் சிலந்திக்கு. சம்பளம் கிடையாது.

இங்கே காய்ச்சுவதற்கு லாம்பிக் என்று பெயர். பார்லி மால்ட்டும் கோதுமையும் போட்டுக் கொதித்த சாற்றைக் கூரைக்கடியில் ஓர் அகலமான தாமிரத் தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்தே வைக்கிறார்கள். ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. காற்றிலும் பீப்பாய் மரத்திலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் தாமாகவே வேலைக்கு வந்துவிடும். நம் வீட்டு இட்லி மாவுக்கு யார் ஈஸ்ட் போடுகிறார்கள்? கிட்டத்தட்ட அதே கதை. மாவு காலையில் பொங்கிவிடும். இது மூன்று வருஷம் வரைகூடப் பீப்பாயில் உட்கார்ந்திருக்கும்.

வருகிறவர்களில் முக்கியப் புள்ளி பிரெட்டனோமைசிஸ். 'பிரிட்டிஷ் பூஞ்சை' என்று அர்த்தம். கார்ல்ஸ்பெர்க் ஆலையின் கிளாசன் இங்கிலாந்து பீரில் கண்டுபிடித்து 1904-ல் வைத்த பெயர். ஒயின்காரர்களுக்கு இவர் எமன். நுழைந்தால் ஒயினில் குதிரை லாய வாடை. லாம்பிக்காரர்களுக்கோ இவர் வீட்டு மாப்பிள்ளை. அப்பேர்ப்பட்ட பீரில் ஒயின் திராட்சையைக் கொட்டி ஊறவைப்பது, கோர்ட்டில் வழக்காடும் பங்காளிகளை ஒரே அறையில் பூட்டுகிற காரியம்.

நாங்கள் கேட்டது 'வின்யரோன்', வெள்ளைத் திராட்சை போட்டது. வைக்கோல் நிறம். நுரை வந்த வேகத்தில் அடங்கிவிட்டது. முதல் மடக்கில் தாடை இழுத்துக்கொண்டது. எலுமிச்சை, ஈரச் சாக்கு, அப்புறம் அந்தக் குதிரை.

"கெட்டுப்போச்சு சார். திருப்பிக் குடுத்துடலாமா?"

இருங்கள் என்றேன். இரண்டாவது மடக்கில் திராட்சைத் தோலின் துவர்ப்பு எட்டிப்பார்த்தது. தித்திப்பு கொஞ்சமும் இல்லை. பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று தீர்த்து, வாசனையை மட்டும் நமக்கு விட்டுவைத்திருக்கிறது. மூன்றாவதில் இது பீரா, ஒயினா என்ற சந்தேகம் நின்றுபோய், நன்றாயிருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் சகாவின் கிளாஸ் காலி. என் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு சிக்கல். நம் மாவு குளிரில் புளிக்காது. இவர்களுக்கோ ராத்திரி குளிர்ந்தே ஆகவேண்டும். கதகதப்பாக இருந்தால் வேண்டாத பாக்டீரியா முந்திக்கொள்ளும். அதனால் குளிர் மாதங்களில்தான் காய்ச்சல். 2018-ல் வந்த ஓர் ஆய்வின்படி, 1900-களின் தொடக்கத்தில் வருஷத்துக்குச் சுமார் 165 நாட்கள் தோதாக இருந்தனவாம். இப்போது 140. 2015 நவம்பரில் ராத்திரிச் சூடு தாங்காமல் காய்ச்சுவதையே நிறுத்தி வைத்தார்கள். காற்றை எங்கே ஆர்டர் கொடுப்பது?

வெளியே வந்தோம். இருட்டியிருந்தது. சகா ஸ்வெட்டரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நல்லவேளை சார், குளிரே இல்லை!"