ஒழுகுற காருக்கு வேண்டியது வடிகால்

மழை பெய்த மறுநாள் காலையில் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக காரைத் திறந்தேன். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி கால் வைத்தவங்க உடனே காலை மேலே தூக்கிட்டாங்க. "என்னடா இது, வண்டிக்குள்ள நாத்தங்கால் போட்டு வச்சிருக்க?"

மிதியடியை எடுத்துப் பார்த்தேன். கார்ப்பெட் சொதசொதன்னு இருக்கு. கையால அமுக்கினா விரல் இடுக்கில் தண்ணி வருது.

இது 2024 அக்டோபர் நடுவில். அந்தக் காரை அதே வருஷம் மாசியில்தான் என் மச்சினனிடம் வாங்கியிருந்தேன். அவன் வேளச்சேரியில் இருக்கான். முந்தின டிசம்பரில், மிக்ஜாம் புயலில் வேளச்சேரி எப்படிக் கிடந்ததுன்னு சென்னைக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குக் கணக்கு போட ஒரு நிமிஷம்கூட ஆகல. வெள்ளத்தில் மூழ்கின வண்டியைத் துடைச்சு, செண்ட் அடிச்சு, அக்கா புருஷன் தலையில கட்டிட்டான்.

போன் போட்டுக் கேட்டேன். கேட்டேன்னு மரியாதையா எழுதுறேன், கத்தினேன் என்பதுதான் உண்மை. அவன் சொன்னான், "அத்தான், புயலுக்கு முதல் நாளே வண்டியைக் கொண்டுபோய் மேம்பாலத்து மேல நிறுத்திட்டு மழையில நடந்து வந்தேன். நம்பினா நம்புங்க." "மேம்பாலத்துல எவனாவது காரை நிறுத்துவானா, கதை விடாத மாப்ள"ன்னு சொல்லி வச்சிட்டேன். அந்த வாரமே வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசை கட்டி நின்ற கார்களின் படம் பேப்பரில் வந்தது. பார்த்தேன். மடிச்சு ஓரமா வச்சிட்டேன். ரோஷம் விடல.

தீபாவளிக்கு அவன் வரல. என் வீட்டுக்காரி என்னோட பேசுறதை "சாப்பாடு போடவா", "மோட்டார் ஓடுதா"ன்னு ரெண்டு வாக்கியத்துக்குச் சுருக்கிட்டா.

டவுனில் ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினேன். ஒரு சொம்பு தண்ணிகூட ஊத்திப் பார்க்காம, "முன் கண்ணாடி பேஸ்டிங் போயிடுச்சு, கழட்டி மறுபடி ஒட்டணும், 9,000 ஆகும்"னாங்க. இன்னொரு இடத்தில் 800 ரூபாய் வாங்கிக்கிட்டு கண்ணாடியைச் சுத்தி, கதவைச் சுத்தி, சிலிக்கானைப் பிதுக்கி விட்டாங்க. அடுத்த மழையில் அதே இடத்தில் அதே தண்ணி.

மூணாவது முட்டாள்தனம் நான் பண்ணினது. கதவை அண்ணாந்து பார்த்தப்போ அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டை இருந்தது. ரோட்டுத் தண்ணி இது வழியாத்தான் ஏறுதுன்னு முடிவு பண்ணி எம்-சீல் வச்சு நாலு கதவையும் அடைச்சேன். அதுக்கப்புறம் கதவைத் திறந்து மூடினா உள்ளே இளநீர் மாதிரி களக்களக்னு சத்தம்.

அந்தச் சத்தத்தைக் கேட்டப்பதான் புத்தி வந்தது. டெல்டாவில் பிறந்து, வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைச்சு சம்பா முங்கினதை எத்தனை தடவை பார்த்தவன் நான். கதவு அடியில் இருக்கிற ஓட்டை, தண்ணி உள்ளே வரதுக்கில்ல, வெளியே போறதுக்கு. ஜன்னல் கண்ணாடி ஓரத்து ரப்பரைத் தாண்டி மழைத் தண்ணி கதவுக்குள்ள இறங்கத்தான் செய்யும். இறங்கி அடி ஓட்டை வழியா ஓடிடும். உள்பக்க அட்டைக்குப் பின்னாடி ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருப்பாங்க, அது அந்தத் தண்ணியை சீட்டுப் பக்கம் வராம தடுக்கும். ஸ்பீக்கர் மாட்டுறேன்னு யாராவது அந்தத் தாளைக் கிழிச்சிருந்தா கதவோரம் நனையும்.

கார் சொட்டுத் தண்ணி புகாத டப்பா, எங்கேயோ ஓட்டை விழுந்துடுச்சு, அடைச்சா சரியாயிடும்னுதான் எல்லாரும் நினைக்கிறோம். நான் போன ரெண்டு கடையிலும் அதே நினைப்புதான். நான் பார்த்த வரைக்கும் விஷயம் தலைகீழ். தண்ணி வரும், வந்து வழிஞ்சு போகணும்னு கணக்கு பண்ணித்தான் வண்டியைக் கட்டியிருக்காங்க. போற வழி தூர்ந்து போனாதான் வேற வழி தேடும்.

எம்-சீலைச் சுரண்டி எடுத்தேன். ஒவ்வொரு கதவிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் தண்ணி கொட்டுச்சு. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை, நானும் பையனும் உட்கார்ந்தோம். முதல்ல பேட்டரி வயரைக் கழட்டினேன். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கலர் சாக்கெட் இருந்தா அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, பேட்டரி இணைப்போட அதை உருவக்கூடாது. சீட்டை இறக்கி, கார்ப்பெட்டைத் தூக்கினா, அதுக்கு அடியில் ஒரு விரக்கடை கனத்துக்குப் பஞ்சு. அதைப் பிழிஞ்சதில் அரை பக்கெட் தண்ணி. மேல காய்ஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் அடியில் ஈரம் கிடந்து நாறும். தகரத்தோடு சேர்த்து முடுக்கின எர்த் வயரில் பச்சைக் களிம்பு பிடிக்க ஆரம்பிச்சிருந்தது. இன்னும் ஒரு மழைக்காலம் விட்டிருந்தா எந்த லைட் எப்ப எரியும்னு சொல்லியிருக்க முடியாது.

அங்கேயே எனக்கு முகத்தில் அடிச்ச மாதிரி ஒண்ணு தெரிஞ்சது. கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டலே இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பார்த்தேன், சேத்துக் கோடு இல்லை. சீட் போல்ட்டில் துரு இல்லை. வெள்ளத் தண்ணி வண்டல் விடாம எங்கேயும் போகாது. இது எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மச்சினன் மேல தப்பு இல்லைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனா தண்ணி எங்கேர்ந்துன்னு தெரியாம போன் பண்ண மனசு வரல.

தகரத்தை நல்லாத் துடைச்சு, மேலே பேப்பர் விரிச்சேன். பையன் செல்போன் டார்ச்சோட உள்ளே படுத்துக்கிட்டான். நான் வெளியே தோட்டத்து ஹோஸ் பைப். கீழேர்ந்து மேலே போகணும், அதுதான் முக்கியம். எடுத்த உடனே கூரையில் ஊத்தினா தண்ணி எல்லா இடத்துலயும் வழிஞ்சு எது வழின்னு கண்டுபிடிக்க முடியாது. ஓட்டு வீட்டில் ஓடு உடைஞ்ச இடம் ஒண்ணு, சொட்டுற இடம் ஒண்ணுன்னு இருக்குமே, அதே கதைதான். பீச்சி அடிக்காம, மழை மாதிரி மெதுவா விடணும். கதவோட அடிப்பக்கம் பத்து நிமிஷம். ஒண்ணுமில்ல. கதவு ரப்பர் ஓரம் பத்து நிமிஷம். ஒண்ணுமில்ல. முன் கண்ணாடியோட அடியில், வைப்பர் இருக்கிற இடத்தில் பிடிச்சேன். நாலு நிமிஷம் இருக்கும். "அப்பா, டேஷ்போர்டுக்குள்ளேர்ந்து ஊத்துது!"

வைப்பர் கையையும் அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூடியையும் கழட்டினேன். அடியில் ஒரு நீளத் தொட்டி. கண்ணாடியில் வழியிற தண்ணியெல்லாம் அங்கேதான் விழும், ரெண்டு ஓரத்து ஓட்டை வழியா முன் சக்கரத்துக்குப் பின்னாடி இறங்கும். ஏசி விசிறிக்குக் காத்து எடுக்கிற வாயும் அதே தொட்டியில்தான், கொஞ்சம் மேடு வச்சு. என் வண்டியில் அது இடது பக்கம். ஓட்டை அடைச்சா தொட்டி நிறையும், மேட்டைத் தாண்டினா விசிறி வழியா நேரா இடது சீட் காலடிக்கு வரும். கையை விட்டேன். மக்கிப்போன வேப்பிலையும் வேப்பம்பூவும், ரெண்டு கை நிறைய. நல்ல எரு. ஒரு பிளாஸ்டிக் குழாயை விட்டு மெதுவாக் குத்தினதும் கொடகொடன்னு இறங்கி சக்கரத்துக்குப் பின்னாடி கொட்டுச்சு. மதகு திறந்த மாதிரி.

மச்சினன் வண்டியை அபார்ட்மெண்ட்டுக்கு அடியில் நிழலில் நிறுத்தினவன். வேப்பமரம் என் வாசலில் இருக்கு. எட்டு மாசமா நான்தான் அதுக்கு அடியில் நிறுத்தினேன்.

செலவு, நனைஞ்சு ஊறின ஏசி பில்டர் புதுசு 300 ரூபாய். பஞ்சு காய களத்தில் நாலு நாள். சிலிக்கானைச் சுரண்ட அரை நாள்.

நீங்க தெரு மரத்தடியில் நிறுத்துறவங்களா இருந்தா வைப்பர் அடியில் ஒரு தடவை கையை விட்டுப் பாருங்க. மழையே இல்லாம, ஏசி ஓடின அன்னைக்கு மட்டும் காலடி நனைஞ்சா அது ஏசித் தண்ணி வெளியே போற குழாய் அடைப்பு. பிசுபிசுன்னு இனிப்பு வாடை வந்தா கூலண்ட், அதை மெக்கானிக்கிட்ட விட்டுடுங்க. டிக்கியில் ஸ்டெப்னி குழியில் தண்ணி நின்னா பின் லைட்டு ரப்பரைப் பாருங்க. சன்ரூப் உள்ள வண்டின்னா அதோட மூலைக் குழாய்களை. எதுவா இருந்தாலும், தண்ணி ஊத்திப் பார்க்காம விலை சொல்றவருக்குக் காசு கொடுக்காதீங்க. செண்ட் பாட்டில் தொங்கவிடுறதும் வேண்டாம்.

அன்னைக்கு சாயங்காலம் போன் பண்ணினேன்.

"மாப்ள, வேப்பிலை."

"என்ன அத்தான்?"

"வண்டியில அடைச்சிருந்தது வேப்பிலை. உன் வீட்டுல ஏது வேப்பமரம்."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல. "அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"ன்னான்.

"அவதான் பக்கத்துல நின்னு நம்பர் போட்டுக் கொடுத்தா. தப்பு என்னோடதுடா."

"சரி விடுங்க"ன்னான். அந்த 'சரி'யில் பாதி கோபம் இருந்தது. இருக்கட்டும், நியாயம்தான்.

பொங்கலுக்கு வந்தான். பஸ் ஸ்டாண்டில் நானே போய் ஏத்திக்கிட்டேன். முன்சீட்டில் உட்கார்ந்தவன் செருப்பைக் கழட்டிட்டு, வெறுங்காலைக் கார்ப்பெட்டில் அழுத்தி அழுத்திப் பார்த்தான். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கிட்டு வந்தேன்.