விற்றது மாடா, கறக்கும் அனுமதியா?

பிரான்சு தேசத்து யூபிசாஃப்ட் கம்பெனியார் 2014-ம் வருஷத்தில் 'தி க்ரூ' என்னும் மோட்டார் பந்தய கம்ப்யூட்டர் விளையாட்டை வெளியிட்டார்கள். 2024 மார்ச்சு 31-ந் தேதி தங்கள் சர்வரை நிறுத்தினார்கள். உடனே, காசு கொடுத்து வாங்கினவர்கள் எல்லோருக்கும் விளையாட்டு நின்றுபோயிற்று. தன்னந்தனியே ஆடுகிறவனுக்குங்கூட நின்றது. ஏனெனில் அதற்கும் கம்பெனி சர்வரின் தயவு வேண்டும்படியாகவே அதைச் செய்து வைத்திருந்தார்கள்.

கேட்டால், விற்றது விளையாட்டையல்ல, விளையாடும் அனுமதியையே என்பதாகச் சட்டம் பேசப்படுகின்றது. மாட்டை விற்றவன் பத்து வருஷங் கழித்து வந்து, "நான் விற்றது கறக்கும் அனுமதியைத்தான்" என்று ஓட்டிக்கொண்டு போனால் ஊரார் சும்மா விடுவார்களா என்று கேட்கின்றோம்.

வெறும் அனுமதியை விற்பவர் அதை வெளிப்படையாய்ச் சொல்லாமல் "வாங்கு" என்று போடக்கூடாதென்று கலிபோர்னியாவில் 2025 முதல் சட்டமிருக்கின்றது. இதனால் ஏமாறுகிறவன் தெரிந்து ஏமாறுவானே யொழிய வேறு பலனில்லை. சர்வரை என்றென்றைக்கும் நடத்தும்படி நாம் சொல்லவில்லை. நிறுத்துமுன், வாங்கினவன் தன் யந்திரத்திலேயே ஓட்டிக்கொள்ள வழி செய்துவிட்டு நிறுத்தட்டும். ஐரோப்பாவில் 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டுக் கேட்டதும் இதைப் போன்றதே. இது ஆகாத காரியமுமல்ல. விளையாட்டுப் பிரியர்கள் சிலர் கம்பெனியின் உதவியில்லாமலே மாற்று சர்வர் செய்து, 2025-ல் இதே 'தி க்ரூ'வை ஓட்டிக் காட்டிவிட்டார்கள்.