பச்சைப் பொட்டலத்தைக் கொடுக்கும் முன்

மழை மாதங்களில் தேவிகுளம், பீர்மேடு மலைகளில் கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நனைந்த செடிகளுக்கு நடுவே நிற்கிறார்கள். தாளுக்குள் வேர்வையும் ஈரமும் காய்வதேயில்லை. அரிப்பும் எரிச்சலும் வந்தால் வெளியே சொல்லக் கூசி வாரக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். 2015 செப்டம்பரில் ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் திரண்டு மூணாறு சாலையில் அமர்ந்து போனஸும் கூலி உயர்வும் கேட்ட பெண்கள் வாழும் மண் இது. இவர்கள் மருத்துவம் பார்க்கும் நம்மிடம் வாய் திறக்கத் தயங்கினால், திரையில்லாத அறையும் கதவோரம் நிற்கும் அதே லயத்து ஆட்களும்தான் காரணம். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வயல்வேலைப் பெண்களுக்கும் இந்தக் கூச்சம் உண்டு.

“வெள்ளைப்படுது” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நம் கை பச்சைப் பொட்டலத்துக்குப் போய்விடுகிறது. செக்னிடசோல் 2 கிராம், ஃப்ளுகொனசோல் 150 மில்லிகிராம். ஆய்வக வசதி இல்லாத இடத்தில் நோயாளியை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று வகுத்த முறை அது. அந்த அளவில் நல்ல முறைதான். மைக்ராஸ்கோப் மேல் தூசி படிய விட்டுவிட்டு அதையே கொடுத்துக்கொண்டிருப்பதை ஏற்க முடியாது.

பிஎச் தாளில் 4.5-க்குக் கீழே காட்டி, தயிர்த்திரள் போன்ற கசிவும் சிவந்த வீக்கமும் இருந்தால் காண்டிடாவை நினைக்கலாம். 4.5-ஐத் தாண்டினால், மீன்வாடையும் சேர்ந்தால், பாக்டீரியல் வஜைனோசிஸையோ ட்ரைக்கோமோனாஸையோ தேடவேண்டும். 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் ஈஸ்ட் அரும்புகளும் இழைகளும் தெரியும். தெரியாவிட்டாலும் நோயில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. திரும்பத் திரும்ப வருகிறவருக்குக் கல்ச்சர் அவசியம். கிளாப்ரட்டா வகை ஃப்ளுகொனசோலுக்குச் சரியாகக் கட்டுப்படாது.

கர்ப்பமா என்று கேட்காமல் மாத்திரையை நீட்டக்கூடாது. கர்ப்பிணிக்கு வாய்வழி ஃப்ளுகொனசோல் வேண்டாம். க்ளோட்ரிமசோலை 7 இரவு உள்ளே வைக்கச் சொன்னால் போதும். ஓராண்டில் மூன்று முறை வந்தவருக்குச் சர்க்கரை பார்த்தே தீரவேண்டும். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர் என்றால் மருந்துச் சீட்டை வாங்கிப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின் சிறுநீர்வழியே சர்க்கரையை வெளியேற்றுவதால் அங்கே காளான் செழிக்கும். கிளிமிபிரைடு சாப்பிடுகிறவருக்கு ஃப்ளுகொனசோல் சேர்ந்தால் சர்க்கரை திடீரென இறங்கலாம். காலையில் சாப்பிடாமல் மலையேறும் பெண்ணுக்கு இது விளையாட்டல்ல.

மருந்துக்கடையில் வாங்கிப் பூசும் க்ளோபெட்டசோல் கலந்த கிரீம் இன்னொரு தொல்லை. அரிப்பை அடக்கிவிட்டுக் காளானை அப்படியே விட்டுவைக்கும், தோலும் மெலியும். பூசுகிற டியூபைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.

தோட்டங்களில் கழிப்பிடமும் மருத்துவ வசதியும் இருக்கவேண்டும் என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொல்லிவிட்டது. மழை தொடங்கும் முன் உங்கள் தோட்ட நிர்வாகத்திடம் மூன்றை எழுத்தில் கேளுங்கள்: பரிசோதனை அறைக்கு ஒரு திரை, பிஎச் தாள், வேலைக்காட்டுக்கு அருகில் பெண்கள் ஈரத்துணி மாற்ற ஓர் அறை.