செவிக்கு ஆசிரியர் யார்?

மறைமலையடிகளார் 1916ஆம் ஆண்டு தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்து நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அன்று ‘வருசம்’ என்றும் ‘சந்தோசம்’ என்றும் எழுதிய கை இன்று ஆண்டு என்றும் மகிழ்ச்சி என்றும் எழுதுகின்றது. எழுத்தளவில் நாம் பெற்ற வெற்றி சிறிதன்று. ஆனால், தூய தமிழ்ச் சொற்களாலேயே தொடுத்த உரையை ஒருவர் மேடையேறித் ‘தமிளே எங்கள் உயிர்’ என்று முழங்கி முடிக்கும்போது, நாமும் கைதட்டிவிட்டுத்தானே வருகின்றோம்? அயற்சொல் ஒன்று விழுந்தால் துள்ளியெழும் நம் செவி, தமிழொலி சிதையும்போது மட்டும் உறங்குவது ஏன்? சொல்லைக் காத்தோம், அச்சொல்லின் உடலாகிய ஒலியைக் காக்கத் தவறினோம்.

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என ஓர் இயலையே இதற்கென வகுத்தார். நாநுனி மேலெழுந்து அண்ணத்தை வருடினால் ரகரமும் ழகரமும், ஒற்றினால் றகரமும் னகரமும் பிறக்கும் என்பது அவர் கண்ட முடிபு. வருடலுக்கும் ஒற்றலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியுமா? நூற்பாவை நெட்டுருச் செய்த மாணவன் தேர்வில் முழு மதிப்பெண் பெறுகின்றான். வெளியே வந்து ‘மரம்’, ‘மறம்’ இரண்டையும் ஒன்றாகவே பலுக்குகின்றான். குற்றம் அவனுடையதன்று. எவரும் அவனைக் கேட்கச் செய்யவில்லை.

எங்கள் குருவிநத்தத்தை அடுத்த பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு கல்லூரி இருந்தது. அதற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பெற்றதைப் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு கூறுகின்றது. நம் மண்ணின் விளைவைக் கொண்டு அங்கு வளர்க்கப்பட்டது வடமொழிக் கல்வி என்பதை எண்ணும்போதெல்லாம் நெஞ்சு கனக்கின்றது. அஃது ஒருபுறம் இருக்க, வடமொழியாளரிடம் நாம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. தம் மறையை அவர்கள் ஏட்டை நம்பி விட்டுவிடவில்லை. வாயும் செவியுமாக நின்று, ஒலி பிசகாமல் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றினர். கல்விக்கு மட்டுமன்றிக் கேள்விக்கும் தனியே ஓர் அதிகாரம் கண்ட வள்ளுவரின் வழியில் வந்த நாமோ, அச்சிட்ட தாளே தமிழ் என்றிருந்துவிட்டோம்.

சென்ற கோடை விடுமுறையில் என் குரலையே கைப்பேசியில் பதிந்து கேட்டேன். ழகரத்தில் தவறவில்லை என்று மகிழ்ந்தேன். ஆனால் ‘காற்று’ என்பதைக் ‘காட்ரு’ என்றே சொல்லியிருந்தேன். அப்பதிவைப் புலனவழியாகக் குமரி மாவட்டத்து ஆசிரிய நண்பர் ஒருவர்க்கும் யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவர்க்கும் விடுத்தேன். அவ்வம்மையார் திருப்பி அனுப்பிய பதிவு பன்னிரண்டு நொடிதான். நா அதிராமல் அண்ணத்தை ஒற்றி எழுந்த அந்த இரட்டை றகரத்தைக் கேட்டபோதுதான், ஆண்டுதோறும் நான் நடத்திய நூற்பாவின் பொருள் எனக்கே விளங்கிற்று! குமரி நண்பரோ, நான் பெருமைகொண்டிருந்த ழகரத்திலும் ஒரு மெலிவைச் சுட்டினார். முப்பதாண்டு ஆசிரியனுக்கு நாணமாகத்தான் இருந்தது. ஆயினும் ஒரு கிழமைக்குள் எங்கள் மூவரில் எவர் ஆசிரியர், எவர் மாணவர் என்னும் வேறுபாடே மறைந்துவிட்டது.

ஆசிரியர்தம் புலனக் குழுக்கள் ஊர்தோறும் இருக்கின்றன. காலை வணக்கப் படங்களும் சுற்றறிக்கைகளும் அவற்றில் குவிகின்றன. குரல் ஒன்றுதான் இல்லை.

பிறர் உறங்கவில்லை என்பதை நம்மவர் அறிதல் வேண்டும். பிரான்சு நாட்டு விக்கிமீடியா அமைப்பினர் நடத்தும் ‘இலிங்குவா இலிபுரே’ என்னும் ஒலிப்பதிவுக் களத்தில், சொற்கள் ஒவ்வொன்றாகத் திரையில் தோன்றும். ஒன்றைச் சொல்லி நிறுத்தினால் கருவி தானே அடுத்ததற்குச் செல்லும். அவ்வொலிகளை விக்சனரி போன்ற அகரமுதலிகளில் சேர்த்துக்கொள்ளலாம். மொசில்லா நிறுவனம் 2017இல் தொடங்கிய ‘காமன் வாய்சு’ திட்டத்திலும் தமிழ் உண்டு. அதில் ஒருவர் ஒரு தொடரைப் படித்துப் பதிவார். வேறு இருவர் கேட்டுச் சரி என்றால் அப்பதிவு ஏற்கப்படும். மாந்தர் பேச்சைப் புரிந்துகொள்ளும் பொறிகளுக்கு இத்தகைய பதிவுகளே பாடநூல்.

இங்கேதான் அச்சம். படிப்பவர் ‘மளை’ என்கின்றார். கேட்கும் இருவரும் ‘சரி’ என்று பொத்தானை அழுத்துகின்றனர். அந்த மளையே பொறியின் செவியில் மழையாகிவிடும். பின்னாளில் நம் பேரன் பொறியிடம் தமிழ் கேட்டுப் பழகுவான். அவ்விருவர் இருக்கையில் ஒரு தமிழாசிரியர் அமர்ந்திருக்க வேண்டாவா?

பாட்டி சொல்லும் ‘வாயப்பயம்’ இழிந்தது என்று நான் கூறுவதாக எவரும் கருதற்க. எங்கள் பக்கத்து உழவர் பேச்சும் பதிவுபெற வேண்டியதே; ஏரியும் வயலும் சார்ந்த எத்தனையோ சொற்கள் அவர் நாவில் மட்டுமே உயிர்வாழ்கின்றன. ஊர்ப்பேச்சு என்று குறிப்பிட்டு அதனைத் தனியே சேர்ப்போம். பள்ளியிலும் மேடையிலும் வழங்கும் செந்தமிழுக்கு அளவுகோல் வேறு.

தமிழாசிரியத் தோழர்களே! ஐவர் ஐவராகச் சேருங்கள். ஐவரும் ஒரே ஊரினராக இல்லாதிருத்தல் நன்று. ஈழத்தவர் ஒருவரேனும் குமரியார் ஒருவரேனும் இருப்பின் மிக நன்று. ஒருவர் பதிவை மற்ற நால்வரும் கேட்டுக் குரலாலேயே மறுமொழி தருக. எழுத்தில் திருத்தம் வேண்டா. ஐவரும் ஒப்பியதை மட்டும் மாணவர்க்கும் பொதுக்களங்களுக்கும் அனுப்புக. முதல் திங்களுக்கு இச்சொற்கள் போதும்: அலை, அளை, அழை, வாலை, வாளை, வாழை, கரை, கறை, மரம், மறம், மனம், மணம், காற்று, நாற்று, கன்று. ஒவ்வொன்றையும் இருமுறை, இடையே ஒரு மூச்சு விட்டுச் சொல்லுக. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிக.