'ஃபார்மேட் பண்ணிடலாம் சார்!'

ஒரு ரூபாய் செலவுக்குக்கூட வவுச்சர் வேண்டும் என்பது பி.காம். முதல் வருடத்திலேயே மண்டையில் ஏற்றப்படுகிற பாடம். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் எதைத் திருத்தினாலும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை யாரும் நிறுத்தி வைக்க முடியக் கூடாது என்று மத்திய அரசு விதியே போட்டுவிட்டது. சபாஷ். ஆனால், அந்த சாஃப்ட்வேர் ஓடுகிற சர்வரின் அடிவயிற்றில் ஒருவர் கை வைத்தால்? அதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது!

உங்கள் ஆபீஸிலும் நடந்திருக்கும். சர்வர் மெதுவாக ஓடுகிறதே என்று கூப்பிட்டால், சர்வீஸ் தம்பி வருகிறார். பயாஸுக்குள் நுழைகிறார். (விண்டோஸுக்கு முன்பே விழித்துக்கொண்டு, எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்புவது என்று முடிவு செய்கிற குட்டி புரோகிராம் அது. மதர்போர்டு சிப்பில் குடியிருக்கிறது.) எதையோ மாற்றி, சேவ் பண்ணி, ஆன் செய்கிறார். நீலத்திரை. உடனே அந்த அமர வாக்கியம்: "டிஸ்க் போயிடுச்சு சார். ஃபார்மேட் பண்ணிடலாம்."

ஐயா, ஐந்து நிமிஷம் முன்புவரை ஓடிய டிஸ்க் அது! கை வைத்தது பயாஸில். தண்டனை டிஸ்க்குக்கா?

பெரும்பாலும் விஷயம் சின்னது. யுஇஎஃப்ஐ முறையில் போட்ட விண்டோஸ், லெகசி என்று மாற்றினால் எழுந்திருக்காது. ரெய்டு என்று இருந்ததை ஏ.எச்.சி.ஐ. ஆக்கினால், விண்டோஸுக்குத் தன் டிஸ்க்கையே அடையாளம் தெரியாமல் போகலாம். பழையபடி வைத்தால் அநேகமாக எழுந்துவிடும். பத்து வருஷக் கணக்கும் அப்படியே உள்ளேதான் இருக்கிறது. அழிப்பது ஃபார்மேட்தான்.

திரையே வரவில்லையா? மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பயாஸ் செட்டிங்கை அழிக்கும் ஜம்பரைப் போட வேண்டும். அல்லது மதர்போர்டில் இருக்கும் 3 வோல்ட் சிமாஸ் பேட்டரியைச் சில நிமிஷம் கழற்ற வேண்டும். இதிலும் ஒரு பொறி உண்டு. எல்லா செட்டிங்கும் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். ரெய்டும் போய்விடலாம். அதைச் சரிசெய்த பிறகுதான் விண்டோஸை எழுப்ப வேண்டும். பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கக்கூடும். அதைக் கையில் வைத்திருப்பவர் எத்தனை பேர்?

தம்பியை மட்டும் திட்டிப் பயனில்லை. ஒரு விசிட்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு, சாயங்காலத்துக்குள் நிச்சயமாக முடிகிற ஒரே வேலை ஃபார்மேட். யோசித்து யோசித்துத் தேடுவதற்கு யார் காசு தருகிறோம்? பெரிய சர்வர்களில் இந்த மாற்றங்களைக் குறித்துவைக்கத் தனி சிப்பே உண்டு. நம் சின்ன ஆபீஸ்களில் சர்வர் என்ற பட்டத்தோடு உட்கார்ந்திருப்பது பாதி இடங்களில் சாதாரண கம்ப்யூட்டர்தானே! அங்கே பேனாவும் பேப்பரும்தான் சிப்.

சர்வீஸ் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். 'செக் செய்யப்பட்டது, ஓகே' என்று ஒரே வரி. அதன் கீழே உங்கள் கையெழுத்து! ஐந்து ரூபாய் டீ செலவுக்கு பில் கேட்கிற முதலாளிகள் இதை மட்டும் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள்.

அடுத்த முறை தம்பி வரும்போது, பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு தொடட்டும். எது இருந்தது, எது ஆனது என்று ரிப்போர்ட்டில் எழுதி வாங்குங்கள். பேக்கப்பைக் கண்ணால் பார்க்காமல் ஃபார்மேட்டுக்குத் தலையாட்டாதீர்கள். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கணக்கு தொலைந்தால் ஆடிட்டர் முன்னால் நிற்கப்போவது நீங்கள்தான், அவர் அல்ல.