கல்லூரி வளாகத்தில் புகை

சென்ற மாதம் ஒரு கல்லூரி விடுதியில், மக்ரிபுக்குப் பின் மாணவர்களிடையே பேசச் சென்றிருந்தேன். வளாகத்தின் வாயிலில், புகைபிடித்தல் தடைசெய்யப்பட்டுள்ளது என்னும் அறிவிப்புப் பலகை நின்றது. அதன் காலடியிலேயே சிகரெட் துண்டுகள் இறைந்து கிடந்தன. நான் குறித்துக்கொண்டு போன பொருள் வேறு. அதனை விடுத்து, இவ்விதியைப் பற்றி நீங்கள் என்ன கருதுகிறீர்கள் என்று மாணவர்களையே வினவினேன். அவர்கள் கூச்சமின்றிப் பேசினர்.

"ஹஜ்ரத், பதினெட்டு வயது கடந்தவன் என்ன செய்யவேண்டும் என்பதைக் கல்லூரியா முடிவு செய்வது?" என்றார் ஒருவர். "விதி எங்களுக்கு மட்டுந்தானா? வாகனம் நிறுத்துமிடத்தில் நின்று புகைக்கும் ஆசிரியர்களை யார் கேட்பது?" என்றார் மற்றொருவர். ஒதுக்குப்புறமாக ஓரிடம் தந்துவிட்டால் தகராறு தீர்ந்தது என்றார் மூன்றாமவர். ஆஸ்துமா நோயுள்ள ஒரு தம்பி மட்டும், அறைத்தோழரின் புகையால் தாம் பல இரவுகளை மொட்டைமாடியில் கழிப்பதாகச் சொல்லித் தலைகுனிந்துகொண்டார்.

நாட்டின் சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் கல்விக்கூடத்தைப் பொது இடமாகவே கொண்டு அங்கே புகைப்பதைத் தடுத்தது; 200 ரூபாய் வரை அபராதமும் வகுத்தது. கல்விக்கூடத்தைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கலாகாது என்றும் விதித்தது. 2008-ஆம் ஆண்டு அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், பெரிய தங்கும் விடுதி, பெரிய உணவகம், விமான நிலையம் ஆகியவற்றில்தான் புகைப்பதற்குத் தனியிடம் ஒதுக்க இசைந்தன. ஆகவே மூன்றாமவர் கேட்ட ஒதுக்குப்புறத்தைக் கல்லூரி நிர்வாகம் விரும்பினாலும் தர இயலாது.

ஆனால் முதலாமவரின் கேள்வியைச் சட்டத்தைக் காட்டி மூடிவிடுவது முறையன்று. பச்சைப் பூண்டும் வெங்காயமும் ஹலாலான உணவுகள். அவற்றை உண்டவர் அந்த வாடையுடன் பள்ளிவாசலுக்கு வரவேண்டாமென நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. ஆகுமான உணவின் வெறும் வாடைக்கே பக்கத்தில் நிற்பவரின் உரிமை இவ்வளவு கவனிக்கப்பட்டதென்றால், நோயைக் கொண்டுவரும் புகைக்கு என்ன சொல்வது? புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் அதிகமானோர் மாள்கின்றனர். அவர்களுள் தாம் புகைக்காமலே, பிறர் விட்ட புகையால் மாள்பவர் மட்டும் 10 இலட்சத்துக்கு மேல். மொட்டைமாடியில் உறங்கும் தம்பிக்கும் பதினெட்டு வயது கடந்துவிட்டது என்பதை அந்த முதலாமவர் மறந்துவிட்டார்.

"மக்ரூஹ்தானே ஹஜ்ரத்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. நமது வீடுகளிலும் கேட்டுப் பழகிய குரல்தான். புகையிலை அமெரிக்காவிலிருந்து வந்து பரவிய பொருள். ஆதிகால இமாம்கள் அதனை அறியார். வந்தபின் உலமாக்கள் கருத்து வேறுபட்டனர். உதுமானிய சுல்தான் நான்காம் முராது 1633-இல் கடுந்தண்டனையுடன் அதனைத் தடுத்தார். 1731-இல் மறைந்த திமிஷ்கு நகரத்து அப்துல் கனீ நாபுலுஸீ அவர்களோ, அது ஆகுமானதென்று தனி நூலே எழுதினார்கள். தீங்கு எங்கே நிறுவப்பட்டுள்ளது என்பதே ஆகுமென்றோரின் வலுவான கேள்வி. அக்காலத்தில் அதற்கு விடையில்லை. 1950-இல் இங்கிலாந்தில் டால், ஹில் என்னும் இருவர் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆய்ந்து வெளியிட்ட பின்னர், அந்த விடை ஆண்டுக்காண்டு உறுதிப்பட்டது. மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றம் 1995-இல் ஹராம் என்றே தீர்ப்பளித்தது. பழைய நூலின் பெயரைப் பிடித்துக்கொண்டு, அந்நூலாசிரியர் கேட்ட ஆதாரத்தை மட்டும் காணமறுப்பது கற்றோர் செயலன்று.

இவ்வளவும் சொல்லி முடிக்குமுன், முன்வரிசைத் தம்பி ஒருவர் என் வாயையே உற்றுநோக்கினார். வெற்றிலையோடு சிறிது புகையிலை சேர்த்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு மதரஸா நாட்களிலிருந்து இருந்துவந்தது. ஆசிரியர்களைப் பற்றிய அந்த இரண்டாமவரின் முறையீடு எனக்கும் சேர்த்தே சொல்லப்பட்டது போலிருந்தது. அன்றிரவே டப்பாவைக் காலிசெய்தேன். முதல் பத்து நாட்கள் பட்டபாட்டை அல்லாஹ்வே அறிவான். அதனால்தான் சொல்கிறேன்: பிடிபட்ட மாணவனிடம் அபராதம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் நிர்வாகம் பாதி வேலையைத்தான் செய்கிறது. விடுவதற்குத் துணைநிற்கும் மருத்துவரையும் அதே வளாகத்தில் அமர்த்தவேண்டும்.

நிற்க. கூட்டம் கலைந்தபின் ஒரு மாணவர் தனியே வந்தார். மேலப்பாளையத்துப் பிள்ளை. "நான் புகைப்பதில்லை ஹஜ்ரத். ஆனால் என் கல்லூரிக் கட்டணம் உம்மா பீடி சுற்றிய கூலி. அது என்ன?" என்றார். எத்தனையோ மஸ்அலாக்களுக்கு உடனே விடை சொன்ன நாவு அங்கே எழவில்லை. அவ்வூரிலும் கடையநல்லூரிலும் நம் வீட்டுப் பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்னும் கூலிக்காகப் புகையிலைத் தூளை நாள்முழுதும் சுவாசித்து இருமுகின்றனர். வேறு வழியில்லாத அந்தத் தாயிடம் ஃபத்வாவை நீட்ட எனக்கு மனமில்லை. தையலோ வேறு கைத்தொழிலோ கற்பித்து, அதே கூலியாவது கிடைக்கச் செய்யும் பொறுப்பு வசதியுள்ளோர் தலைமேல் இருக்கிறது. ஸகாத் நிதியின் ஒரு பகுதியை, அதற்குத் தகுதியான குடும்பங்களுக்கு இவ்வழியில் செலவிடலாமா என்று எங்கள் மஹல்லா ஜமாஅத்துக்கு எழுதிக் கொடுத்துள்ளேன். அந்த மாணவரின் முகவரியையும் வாங்கி வைத்திருக்கிறேன்.